மிஷின் சத்தம் மாறினால் மாட்டுக்கும் ஆபத்து

மதுரையைச் சுற்றி மாடு வைத்திருக்கும் வீடுகளில் விடியற்காலையில் கேட்கும் சத்தங்கள் மூன்று. பால் பாத்திரத்தில் விழும் சத்தம், சொசைட்டிக்குப் பால் கொண்டுபோகும் வண்டியின் ஹாரன், தீவனம் வெட்டும் மிஷினின் கடகட. முதல் இரண்டும் வருஷக்கணக்கில் அப்படியே இருக்கும். மூன்றாவது மட்டும் மாதம் போகப் போகக் கூடும். வீட்டில் இருப்பவர்களின் காதுக்கு அது தெரியாது. தினமும் கேட்டுப் பழகிவிடுகிறது. ஊரிலிருந்து வந்த தம்பி, "என்னக்கா, மிஷின் இந்தப் போடு போடுது?" என்று கேட்பான். "அது எப்பவுமே அப்படித்தான்டா" என்று அக்காவிடமிருந்து பதில் வரும். எப்போதும் அப்படி இருந்திருக்காது. வாங்கின வருஷம் பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல்தான் ஓடியிருக்கும்.

வெளிநாட்டுப் பண்ணைகளில் புல்லை அறுக்க டிராக்டருக்குப் பின்னால் ஒரு இயந்திரம் ஓடும். அறுத்த புல்லைக் காயவைத்துக் கட்டுக் கட்டாக அடுக்கிவிடுவார்கள். உசிலம்பட்டி, செல்லம்பட்டி, திருமங்கலம் பக்கத்தில் அறுப்பு அரிவாளோடு முடிந்துவிடுகிறது. இப்போது சிலர் தோளில் மாட்டும் பிரஷ் கட்டரால் அறுக்கிறார்கள். இயந்திரத்தின் உண்மையான வேலை மாட்டுக் கொட்டகையில்தான் ஆரம்பிக்கிறது. மானாவாரி நிலத்துச் சோளத்தட்டை, வாடிப்பட்டி, மேலூர் பக்கத்துப் பெரியாறு பாசன வயல்களின் வைக்கோல், கிணற்றுப் பாசனத்தில் வளரும் கோ-4, கோ-5 கம்பு நேப்பியர் புல் எல்லாம் அந்த ஒரே வாய்க்குள் போகின்றன. நேப்பியர் தண்டை முழுசாகப் போட்டால் மாடு இலையைத் தின்றுவிட்டுத் தண்டைக் காலில் மிதித்து ஒதுக்கிவிடும். ஒரு அங்குலம் அளவில் நறுக்கிப் போட்டால் தண்டும் வயிற்றுக்குப் போகும். இதனால்தான் கால்நடைத் துறை இந்தக் கருவியைப் பாதி மானியத்தில் கொடுத்துவந்தது. அப்படி வந்த 2 ஹெச்.பி. மிஷின்கள் பல கொட்டகைகளில் இன்னும் ஓடுகின்றன. வாங்கிய நாளிலிருந்து ஸ்பேனரே படாத மிஷின்களும் அவற்றில் உண்டு.

பழசானால் சத்தம் வரத்தான் செய்யும் என்று விடுவதில் இரண்டு ஆபத்துகள் இருக்கின்றன. ஒன்று, அதில் வேலை செய்பவரின் கைக்கு. மற்றது, மாட்டின் வயிற்றுக்கு. இரண்டாவது பலருக்குத் தெரிவதில்லை.

மாடு தீவனத்தைப் பொறுக்கித் தின்னாது. நாக்கால் வளைத்து இழுத்து, அரைகுறையாக மென்று விழுங்கும். அப்புறம்தான் படுத்துக்கொண்டு அசைபோடும். ஆடியாடிக் கழன்ற ஒரு நட், உடைந்த பிளேடு நுனி, நைந்த வாஷர் என்று எது தீவனத்தோடு விழுந்தாலும் அதுவும் சேர்ந்து உள்ளே போய்விடும். கனமான இரும்பு தேன்கூடு போலிருக்கும் இரண்டாவது வயிற்றில் தங்கும். அந்த வயிற்றுக்கு முன்னால் ஒரு மெல்லிய தடுப்பு, அதற்கு அந்தப் பக்கம் இதயம். கூரான துண்டாக இருந்தால் வயிறு சுருங்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே குத்திக்கொண்டு போகும். மாடு திடீரென்று தீனி எடுக்காது, பால் சட்டென்று இறங்கும், முதுகை வளைத்து முழங்கையை வெளியே தள்ளி நிற்கும், படுக்கத் தயங்கும். நாள்பட்டால் கழுத்துக்குக் கீழே, முன்னங்கால்களுக்கு நடுவே வீக்கம் இறங்கும். அந்த நிலையில் மருத்துவரால் செய்ய முடிவது மிகக் குறைவு. ஒரு நட்டின் விலை சில ரூபாய். அது உள்ளே போனால் போவது ஒரு மாடு.

ஆகவே சத்தம் மாறினால் முதலில் மாட்டின் கூடையில் இருக்கும் தீவனத்தைக் கையால் துழாவிப் பார்க்க வேண்டும். மிஷின் அப்புறம்.

சத்தத்தைப் பிரிக்கும் வழி

ஓடும்போது எல்லாச் சத்தமும் ஒன்றாகக் கலந்து வரும். மோட்டார் பொதுவாக நிமிஷத்துக்கு 1,440 சுற்று ஓடும். புல்லிகளின் அளவில் நாலுக்கு ஒன்று வித்தியாசம் இருந்தால் பிளேடு மாட்டிய பெரிய சக்கரம் 360 சுற்று சுற்றும். நொடிக்கு ஆறு. இதை எந்தக் காதும் எண்ண முடியாது. ஆனால் சுவிட்சை அணைத்ததும் கனத்த சக்கரம் உடனே நிற்காது, தளர்ந்து தளர்ந்து கொஞ்ச நேரம் சுற்றும். கவனிக்க வேண்டியது அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான்.

சுவிட்சை அணைத்த அதே நொடியில் நின்றுபோன சத்தம் கரண்டோடு சம்பந்தப்பட்டது. மோட்டாரின் உறுமல் அப்படிப்பட்டது. அணைத்த பிறகும் தொடரும் சத்தம் இரும்பில் இருக்கிறது. சக்கரம் மெதுவாக மெதுவாக, 'கடகட' என்று கேட்டது 'டக்... டக்... டக்' என்று பிரியும். சக்கர விளிம்பில் முன்கூட்டியே சாக்பீஸால் ஒரு கோடு போட்டிருந்தால், அந்தக் கோடு ஒருமுறை வந்து போவதற்குள் எத்தனை டக் என்று எண்ணலாம். ஒன்று என்றால் ஒரு பிளேடு மட்டும் எங்கோ இடிக்கிறது. அதன் போல்ட் தளர்ந்திருக்கலாம், அல்லது கல் பட்டு நுனி வளைந்திருக்கலாம். மிஷினில் எத்தனை பிளேடு உண்டோ அத்தனை டக் வந்தால் எல்லா பிளேடுகளும் இடிக்கின்றன. அப்போது பிளேடுகள் மேல் சந்தேகப்பட வேண்டியதில்லை. அவை எதன்மேல் உரசி வெட்டுகின்றனவோ அந்த வாய்த்தகடு நகர்ந்திருக்கும், இல்லையென்றால் ஷாஃப்டே முன்பின்னாக நகர்கிறது.

இன்னொரு சோதனைக்கு ஸ்பேனரும் வேண்டாம். தீவனத்தை இழுக்கும் பல் உருளைகளை நிறுத்த ஒரு லீவர் இருக்குமே, அதை நடுவில் வைத்து மிஷினை வெறுமனே ஓட விட வேண்டும். சத்தம் மறைந்துவிட்டால் நோய் கியரில் அல்லது உருளைகளில். மறையாவிட்டால் சக்கரம், பேரிங், பெல்ட், மோட்டார் இவற்றில் ஒன்று. பாதி மிஷின் சந்தேகப் பட்டியலிலிருந்து கழிந்துவிட்டது. மெக்கானிக்குக்குப் போன் செய்யும்போது "மிஷின் சத்தம் போடுதுண்ணே" என்று சொல்வதற்குப் பதில் "லீவரை எடுத்தாலும் சத்தம் நிக்கலண்ணே, ஒரு சுத்துக்கு ஒரு தட்டு தட்டுது" என்று சொன்னால் அவர் சரியான சாமானோடு வருவார். ஒரு நடை மிச்சம்.

பெல்ட்டைக் கழற்றிய பிறகு

இதற்கு மேல் கையை உள்ளே விட வேண்டியிருக்கும். சுவிட்சை அணைத்தால் போதாது. வேறு யாராவது வந்து போட்டுவிடுவார்கள். பிளக்கைப் பிடுங்க வேண்டும். பிளக் இல்லாமல் நேரடியாக ஒயர் இழுத்திருந்தால் பியூஸ் கேரியரைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். சக்கரம் தானாகவே கனத்தில் உருளும் என்பதால் பிளேடில் கை வைக்கும்போது ஒரு மரக்கட்டையை ஆப்பாகச் செருகிவிடுவது அவசியம்.

பெல்ட்டைக் கழற்றியதும் மோட்டாரை மட்டும் ஒரு நிமிஷம் ஓட்டிப் பார்க்கலாம். 'ம்ம்' என்று உறுமிக்கொண்டு சுற்ற மறுத்தால், ஒற்றை பேஸ் மோட்டாரில் பெரும்பாலும் கெபாசிட்டர் போயிருக்கும். சில நேரம் சாயங்கால வோல்டேஜ் குறைவும் அதே உறுமலைத் தரும். காலையில் சரியாக ஓடி மாலையில் முக்கினால் மிஷினைக் குறை சொல்லிப் பயனில்லை. சுற்றுகிறது, ஆனால் உள்ளே சரளைக்கல் உருள்வது போல் கேட்கிறது என்றால் மோட்டார் பேரிங்.

மறுபடியும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சக்கரத்தை அதன் விளிம்பில் பிடித்துக் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். நல்ல பேரிங் சத்தமில்லாமல் வழுக்கும். தேய்ந்தது கையிலேயே கரகரக்கும். பிறகு ஷாஃப்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்க்க வேண்டும். அந்த ஆட்டம் பேரிங் தேய்ந்ததற்கு அடையாளம். உள்ளும் வெளியும் நகர்ந்தால் பேரிங் நன்றாக இருந்தும் அதைப் பிடிக்கும் காலரின் ஸ்க்ரூ தளர்ந்திருக்கும். இரண்டுக்கும் மருந்து வேறு. இதைப் பிரிக்காமல் நல்ல பேரிங்கைத் தட்டிக் கழற்றி வீணாக்குகிறவர்கள் நிறைய.

பேரிங்கின் பக்கவாட்டில் ஒரு எண் பொறித்திருக்கும். உதாரணமாக 6205. கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்துளை 25 மில்லிமீட்டர் என்று வரும். 6206 என்றால் 30. பின்னால் 'இசட் இசட்' என்று இருந்தால் இருபக்கமும் தகர மூடி, '2 ஆர்.எஸ்.' என்று இருந்தால் இருபக்கமும் ரப்பர் மூடி. தூசியும் சாணி ஈரமும் நிறைந்த கொட்டகைக்கு ரப்பர் மூடிதான் ஏற்றது. பழைய பேரிங்கைக் கையோடு கொண்டுபோவதே உத்தமம் என்றாலும், இந்த எண் தெரிந்தால் மதுரைக்குள் எந்தக் கடையிலும் ஏமாற வேண்டியதில்லை. விலையும் சில நூறு ரூபாய்க்குள்தான். மாட்டும்போது வெளி வளையத்தில் சுத்தியல் போட்டு ஷாஃப்டில் ஏற்றக்கூடாது. உள் வளையத்தில் பொருந்தும் ஒரு குழாய்த் துண்டை வைத்துத் தட்ட வேண்டும். இல்லையென்றால் புது பேரிங் அன்றைக்கே காயம்பட்டுவிடும். அடுத்த மாதமே சத்தம் வரும். பழி கடைக்காரர் மேல் விழும்.

'கீச்' என்று ஆரம்பத்தில் மட்டும் கத்தினால் பெல்ட் வழுக்குகிறது. கருகின ரப்பர் வாடையும், புல்லிக்குக் கீழே கறுப்புத் தூளும் சாட்சி. நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்குவது சரியான இழுப்பு. மோட்டாரைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி இறுக்கலாம். அதற்காக வில் நாண் மாதிரி இறுக்கினால் அந்தச் சுமை நேராகப் பேரிங்கில் போய் உட்காரும். இரட்டை பெல்ட் மிஷினில் ஒன்று மட்டும் பழுதானாலும் இரண்டையும் மாற்றுவதே கணக்கு. புதுசு மட்டும் சுமையை வாங்கிச் சீக்கிரம் அறுந்துபோகும். ஸ்டார்ட் செய்யும்போதும் நிறுத்தும்போதும் மட்டும் ஒரு 'டொக்' வந்தால் புல்லியை ஷாஃப்டோடு பூட்டும் கீ தேய்ந்திருக்கிறது. இது சின்ன விஷயம்போல் தெரியும். விட்டால் ஷாஃப்டின் பள்ளமே அகன்று, லேத் பட்டறைக்குப் போகும் செலவாகும்.

பிளேடு என்கிற பெரிய விஷயம்

பாதிச் சத்தங்கள் மொட்டை பிளேடில் பிறக்கின்றன. வெட்டாத பிளேடு தண்டை நசுக்கும், இழுக்கும், மடக்கும். மோட்டார் முக்கும், பெல்ட் வழுக்கும், கியர் முனகும். இவை எல்லாம் தனித்தனி நோய் என்று நினைத்து ஒவ்வொன்றாக மாற்றுகிற வீடுகள் உண்டு. வெளியே விழும் தீவனத்தைப் பார்த்தாலே போதும். வெட்டு வாய் சுத்தமாக இருந்தால் பிளேடு நன்றாக இருக்கிறது. நார் நாராகத் தொங்கினால், நீளநீளமாக வைக்கோல் வந்து உருளையில் சுற்றிக்கொண்டால், கூர் போய்விட்டது அல்லது இடைவெளி அதிகம்.

கூரைத் தின்பது நேப்பியர் அல்ல, மண். வேரோடு பிடுங்கிய கடலைக்கொடியை உதறாமல் போட்டால் ஒரு நாளில் பிளேடு மழுங்கும். மழைக்குப் பின் அறுத்த புல்லின் அடித்தண்டில் கரிசல் ஒட்டியிருக்கும். அடியில் நாலு விரல் விட்டு அறுப்பது, கொடியைத் திண்ணையில் இரண்டு தட்டுத் தட்டுவது, இவை காசில்லாத பராமரிப்பு.

சாணை பிடிக்கும்போது சரிவான பக்கத்தை மட்டும்தான் தேய்க்க வேண்டும். வாய்த்தகட்டைப் பார்க்கும் தட்டையான பக்கத்தைத் தொடவே கூடாது. மின் சாணைக்கல்லில் அழுத்திப் பிடித்தால் நுனி சூடேறி நீலம் பாரிக்கும். நீலம் பாரித்த இடம் பதம் போன இடம், எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. அடிக்கடி தண்ணீரில் நனைத்து, பொறுமையாகத் தேய்ப்பவரிடம் கொடுப்பது நல்லது.

தீட்டி முடித்ததும் செய்ய வேண்டிய ஒரு வேலையைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. பிளேடுகளை மளிகைக் கடைத் தராசில் ஒன்றுக்கு எதிராக இன்னொன்று வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று அதிகம் தேய்ந்து எடை குறைந்தால் சக்கரம் ஒருபக்கம் இழுக்கும், மிஷின் நடுங்கும், நடுக்கத்தில் மற்ற நட்டுகள் கழலும். தரை ஒழுங்காக இருந்தும் மிஷின் தானாக நகர்ந்து மூலைக்குப் போகிறதென்றால் முதல் சந்தேகம் இதன்மேல் போகட்டும். அதனால்தான் புதுசு வாங்கும்போது ஒற்றையாக வாங்காமல் ஜோடியாக, செட்டாக வாங்கச் சொல்கிறார்கள்.

பிளேடு போல்ட்டில் சிக்கனம் கூடாது. தலையில் 8.8 என்று பொறித்த உறுதியான போல்ட்தான் போட வேண்டும். கதவுக்குப் போடும் சாதாரண போல்ட் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், சக்கரம் வேகம் எடுக்கும்போது தாங்காது. திரும்ப மாட்டியபின் பிளேடுக்கும் வாய்த்தகட்டுக்கும் நடுவே ஒரு கல்யாணப் பத்திரிகை அட்டை உரசிக்கொண்டு நுழையும் இடைவெளி இருக்கட்டும். சக்கரத்தைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றி எங்கும் தட்டவில்லை என்று பார்த்த பிறகே கரண்ட். சில மிஷின்களில் வாய்த்தகட்டைத் திருப்பிப் போடலாம், மறுபக்க விளிம்பு புதுசாகவே இருக்கும். அதைத் தெரியாமல் புதுத் தகடு வாங்கியவர்கள் உண்டு.

கியர் பக்கம் சொல்ல அதிகமில்லை. பழைய கிரீஸும் வைக்கோல் தூசியும் சேர்ந்தால் சாணைப் பசை மாதிரி பல்லைத் தேய்க்கும். பழசைத் துடைத்தெடுக்காமல் அதன்மேலேயே புதுசை அப்புவதில் பயனில்லை. உருளை புஷ்ஷின் எண்ணெய்த் துளை தூசியில் அடைத்திருக்கும், கம்பியால் குத்தித் திறந்து சொட்டு எண்ணெய் விட்டால் கீச்சுச் சத்தம் அங்கேயே அடங்கும். உருளை ஒரு சுற்றுக்கு ஒருமுறை 'டக்' என்று துள்ளினால் பல் உடைந்திருக்கிறது. உடைந்த துண்டைத் தேடி எடுக்கும்வரை அன்றைய தீவனத்தை மாட்டுக்கு வைக்கக்கூடாது. வெட்டிய தீவனம் விழும் சரிவில் பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை இறுகப் பொருத்திவிட்டால் இரும்புத் துணுக்குகள் பெரும்பாலும் அதில் ஒட்டிக்கொள்ளும். வாரம் ஒருமுறை அந்தக் காந்தத்தைத் துடைத்துப் பார்ப்பது மிஷினுக்கு ரத்தப் பரிசோதனை செய்வது மாதிரி. இரும்புத் தூள் திடீரென்று கூடினால் எங்கோ எதுவோ தேய்கிறது.

கை

இந்தியாவில் கதிரடிக்கும் இயந்திரங்களில் கைகள் போனது எத்தனை பெரிய பிரச்னையாக இருந்ததென்றால், அதற்காகவே 1983-ல் ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவரப்பட்டது. தீவனம் வெட்டும் கருவியைப் பற்றி டெல்லி ஐ.ஐ.டி.யின் தினேஷ் மோகனும் ராஜேஷ் பட்டேலும் வட இந்தியக் கிராமங்களில் ஆராய்ந்தார்கள். காயம்பட்டவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். வேலை நடக்காத நேரத்தில் சக்கரத்தைச் சுற்றி விளையாடி விரலை இழந்தவர்கள் அவர்கள். அந்த ஆய்வுக்குப் பின் முன்வைக்கப்பட்ட மாற்றங்கள் எளிமையானவை. சக்கரம் சுற்றாமலிருக்க ஒரு பூட்டு, கியருக்கு மூடி, பல் உருளைக்கு முன்னால் 'கை இதற்கு மேல் போகாதே' என்று தொட்டுச் சொல்லும் ஒரு சாதாரண உருளை. பழைய மிஷினிலும் உள்ளூர் வெல்டிங் பட்டறையில் இவற்றைப் பொருத்திவிடலாம்.

தேய்மானத்துக்கும் கைக்கும் தொடர்பு நேரடியானது. உருளையின் ஸ்பிரிங் தளர்ந்து பல் மழுங்கினால் தீவனம் தானாக உள்ளே போகாது. போகாததைக் கை தள்ளும். தள்ளிப் பழகிய கை ஒருநாள் ஒரு விரல் அதிகமாக உள்ளே போகும். சேலைத் தலைப்பு, தோள் துண்டு, வளையல் எல்லாம் ஆபத்துதான், ஆனால் அவற்றைவிட 'கொஞ்சம் தள்ளிவிட்டால்தான் போகும்' என்ற நிலைக்கு வந்த மிஷின் ஆபத்து. அந்த நிலை வந்த அன்றே ஸ்பிரிங்கையும் உருளையையும் பார்த்தாக வேண்டும்.

சரிசெய்யவே கூடாத பழுது ஒன்று உண்டு. வார்ப்பு இரும்புச் சக்கரத்தில் விரிசல். கண்ணுக்குத் தெரியாத விரிசலையும் காது பிடித்துவிடும். பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்பதுபோல், பிளேடுகளைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைச் சின்னச் சுத்தியலால் லேசாகத் தட்ட வேண்டும். நல்லது மணிபோல் ஒலிக்கும். விரிந்தது 'பொத்' என்று அமுங்கும். வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் கேட்கக்கூடாது. சூடுபட்ட வார்ப்பு இரும்பு வெல்டிங்குக்குப் பக்கத்திலேயே மறுபடி விரியும், அதுவும் முழு வேகத்தில் ஓடும்போது. அந்தச் சக்கரத்தைப் பழைய விலைக்கு வேறொருவருக்கு விற்பதும் சரியல்ல. இரண்டாக உடைத்தே எடைக்குப் போட வேண்டும். மோட்டாரையும் மோட்டார் புல்லியையும் மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளலாம். அடுத்த மிஷினுக்கு அவை ஆகும்.